தேன்குட்டியின் நாக்கு

ஆரியசாலையில் யோசுவாவின் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலடியில் சாய்வுப் பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள் ரத்னாபாய். கல்யாணப் பத்திரிகை, ஊதுபத்தி அட்டை, அரிசிச் சாக்கில் வரும் மயில், எல்லாக் கட்சிகளின் தேர்தல் சின்னமும் அவள் பென்சிலில்தான் முதலில் கோடாக விழும். கிறிஸ்துமஸ் காலண்டருக்கு மாட்டுத் தொழுவத்தை வரைகிற கைதான் ஓணத்துக்கு வாமனனையும் வரையும். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள் வரைவது பலகையில்தான். வரைந்ததை ஸ்கேன் செய்து ஏற்றுவாள். பிறகு திரை கட்டுவதிலும் பொடியைக் கரைத்து மை கூட்டுவதிலும் கூடவே நிற்பாள். அதனால் அவள் விரல் இடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் அந்த நகங்களைப் பார்த்துவிட்டு முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வார்கள்.

பாறசாலைக்குத் தெற்கே பிறந்தவள். குழாய் வேலை செய்த கணவனோடு திருவனந்தபுரம் வந்து, கரமனையில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினாள். மகள் ஜெஸ்லின் நடை பழகும் வயதில் கணவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. சபைக்காரர்கள் முறை வைத்து வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஆஸ்பத்திரி என்று அவள் வாயெடுத்தபோதெல்லாம் விசுவாசக் குறைவு என்றார்கள். கடைசியில் கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். கர்த்தருக்கு ஒரு குழாய் வேலைக்காரனால் அங்கே என்ன ஆக வேண்டியிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் ரத்னாபாய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, சோதனை செய்கிற இடம் எங்கே என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழியின் கசிவு அந்தக் கிணற்றில் இருந்தது. வீட்டுக்காரர், பிடிக்காவிட்டால் காலி செய்யலாமே என்றார். இயேசுவை விட்டுவிட்டுப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டவள் என்று சபைப் பெண்கள் அவளுக்குப் பட்டம் கட்டினார்கள். அன்றிலிருந்து யாருக்கு என்ன நோய் என்று கேள்விப்பட்டாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, வாய்க்குள் என்ன போச்சு என்பதுதான்.

யோசுவாவின் கடை இருந்த கட்டிடம் தாணுலிங்கத்துடையது. தெருவில் அவருக்குச் சீனி மொத்த வியாபாரம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே வேர் விட்ட குடும்பம். நல்ல மனிதர் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. பிள்ளைகளைக் கண்டால் கற்கண்டை அள்ளிக் கொடுக்காமல் விட மாட்டார். ஆனால் எலுமிச்சம்பழம் மிதிக்காமல் கடைப்படி ஏற மாட்டார். தும்மல் கேட்டால் திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு நிற்பார். அவர் 2001இல் நகரத்தில் பட்டம் என்கிற இடத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு மிட்டாய்க்கடை திறப்பதாக முடிவு செய்தார். பெயர் ‘தேன்குட்டி’. அந்த வருஷம் குழந்தைகள் தினமும் தீபாவளியும் ஒரே நாளில் வந்தன. திறப்பு விழாவுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

“பிள்ளே ரத்னா, கடைக்கு ஒரு லோகோ வேணும், கேட்டியா? பாத்த உடனே கொச்சுப் பிள்ளைக தாயைப் பிடிச்சு இழுக்கணும்” என்றார் அவர்.

முதலில் தேனீ வரைந்தாள். கொட்டும் என்றார். யானைக்குட்டி வரைந்தாள். வங்கிக் காலண்டர் மாதிரி இருக்கிறது என்றார். வெண்ணெய் தின்னும் கண்ணனை அவர் மனைவி சரோஜம் கேட்டாள். பட்டத்தில் எல்லாச் சாதி மதக்காரர்களும் வருவார்கள், கண்ணனைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று அவரே அதைத் தள்ளினார். பக்தி வேறு, வியாபாரம் வேறு என்பதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜெஸ்லின் கடை மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்குப் போடும்போது நாக்கைத் துருத்திக்கொள்வது அவள் பழக்கம். ரத்னாபாய் ஒரு கண்ணால் மகளைப் பார்த்துக்கொண்டே கை போன போக்கில் கோடு இழுத்தாள். இரட்டைப் பின்னல், ஒரு பக்கம் சரிந்த தலை, குறும்பாகச் சுருங்கிய கண்கள், நீட்டிய நாக்கு. மொத்தமும் எட்டுக் கோட்டில் முடிந்துவிட்டது. நாக்குக்கு மட்டும் கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறம் வைத்தாள். மற்றதெல்லாம் கறுப்புக் கோடுதான்.

தாணுலிங்கம் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது போதும். இதான் கடை.”

சரோஜத்துக்கு ஒரே ஒரு குறை. இவ்வளவு அழகான பிள்ளைக்குக் கண்ணேறு பட்டுவிடும், கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிடு என்றாள். காகிதப் பிள்ளைக்குக் கண்படுமா சரோஜத்தம்மா என்று ரத்னாபாய் கேட்டாள். காகிதமானால் என்ன, நூறு பேர் பார்ப்பார்களே என்றாள் சரோஜம். ரத்னாபாய் பொட்டு வைத்துக் கொடுத்தாள். ஒரு பொட்டால் யாருக்கு என்ன கேடு என்று நினைத்தாள். பொட்டு வைத்துவிட்டால் பிறகு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறவர்களிடமிருந்துதான் கேடு வருகிறது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அச்சு வேலையில் ஒரு நடைமுறை உண்டு. ஒரே லோகோவைத் தகரப் பெட்டிக்காரன் சிவகாசியில் அடிப்பான், போர்டு எழுதுகிறவன் இங்கே எழுதுவான், காகிதப் பையை வேறொருவன் போடுவான். ஆளுக்கு ஒரு ரோஸ் வந்து நிற்கக் கூடாது. அதனால் கூட்டிய மையை ஒரு அட்டையில் பட்டையாகத் தீற்றி, கீற்றுக் கீற்றாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவார்கள். கலர்ச்சீட்டு என்று அதற்குப் பெயர். சீட்டோடு ஒத்துப் பார்த்து அதே நிறம் வரும்வரை கூட்ட வேண்டும். ரத்னாபாய் சீட்டு வெட்டியபோது தாணுலிங்கம் தனக்கும் ஒன்று கேட்டார். கொடுத்தாள். இந்தப் பொடி எங்கே வாங்குகிறீர்கள் என்றும் கேட்டார். சாலைக் கடைத்தெருவின் பின்பக்கம் பாய்க்கோரைக்கும் சாக்குக்கும் சாயப்பொடி விற்கிற கடையைச் சொன்னாள். கடைச் சுவருக்கு அடிக்கப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இருபது வருஷமாகக் காகிதத்தையும் துணியையும் தகரத்தையும் மட்டுமே பார்த்த மூளை வேறு எதை நினைக்கும்?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு மாலையில் தெருவே சிரித்தது. தாணுலிங்கத்தின் சீனிக் கிட்டங்கிக்குப் பின்னால் புதிதாகப் போட்ட அடுப்படியிலிருந்து முதல் ஈடு மிட்டாய் வந்திருந்தது. உருட்டு மிட்டாய், வாயில் போட்டால் மெல்லக் கரைவது. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் தன் கையால் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வீடு வீடாக ஓடி நாக்கை நீட்டிக் காட்டினார்கள். எல்லா நாக்கும் லோகோவின் ரோஸ். ஒரு சாயல்கூட மாறவில்லை.

“இதாக்கும் நான் நெனச்சது. போர்டுக்கு வாடகை கொடுக்காண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் நடக்கிற போர்டு” என்று தாணுலிங்கம் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார்.

ஜெஸ்லினும் நாக்கை நீட்டிக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தாள். யோசுவா அவளைப் படத்தின் பக்கத்தில் நிற்க வைத்து ஒத்துப் பார்த்துச் சிரித்தான். ரத்னாபாயும் சிரித்தாள். பெருமையாகக்கூட இருந்தது. அன்று படுக்கும்போது பல் துலக்கிய பிறகும் மகளின் நாக்கு அப்படியே இருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

காலையில் கழிப்பறையிலிருந்து ஜெஸ்லின் அலறினாள்.

“அம்மே, சோர! சோர வருது!”

ரத்தத்துக்கு அவள் பள்ளிக்கூடத்தில் பழகிய சொல் அது. ரத்னாபாய் ஓடிப்போய்ப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் ரோஸ் நிறத் தண்ணீர் நின்றது. குனிந்து உற்றுப் பார்த்தாள். மேலே இருந்த சின்னத் திறப்பின் வழியாக வெயில் விழுந்த இடத்தில், அந்த ரோஸின் ஓரம் ஆரஞ்சாக மினுங்கியது. ரத்தம் மினுங்காது. இந்த மினுக்கம் அவளுக்குத் தெரியும். அச்சு முடிந்து ஒவ்வொரு மாலையும் கடைத் தொட்டியில் மை இழுக்கும் கட்டையையும் திரையையும் கழுவும்போது ஓடுகிற தண்ணீர் இதுதான். அவள் கரைத்த மை அவள் பிள்ளையின் உடம்பு வழியாகப் போய் வந்திருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு ரத்தம் இல்லை என்றார். நிறைய தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒரு தடவையோடு போகட்டும், இனி வாயில் படக் கூடாது, இது ஈரலைத் தின்கிற சாமான் என்றார். இப்போது ஒன்றும் ஆகாதே டாக்டர் என்று ரத்னாபாய் கேட்டதற்கு, இப்போது ஒன்றும் தெரியாது, தெரிய வருகிற நாளில் இப்படி ஒரு மிட்டாய் தின்றது யாருக்கும் ஞாபகம் இருக்காது என்றார்.

அவள் தெருவுக்குத் திரும்பியபோது அங்கே வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில வீடுகளில் பிள்ளைகளுக்கு இதேபோல் கண்டிருந்தது. அம்மனின் சூடு என்றாள் ஒருத்தி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரம் சிரித்ததில் கண் பட்டுவிட்டது என்றாள் சரோஜம். உப்பும் மிளகாயும் சுற்றி வீடு வீடாக அடுப்பில் போட்டார்கள். புது அடுப்படி வாசலில் பூசணிக்காய் தொங்கியது. சீனிக்கடை வாசலில் ஒரு பூஜாரி உட்கார்ந்து கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை ரோஸாக மூத்திரம் பெய்கிறது, அதே தெருவில் ஒரு அடுப்பில் ரோஸ் பாகு கொதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருபதடி தூரம்தான். அந்த இருபதடியை நடந்து பார்க்க அங்கே ஒருவருக்கும் கால் இல்லை. ஆகாயத்திலிருந்து கண் இறங்கி வந்ததாக நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

அந்த இருபதடியை ரத்னாபாய் நடந்தாள். அடுப்படியில் சுடலைக்கண்ணு பாகு இழுத்துக்கொண்டிருந்தான். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மிட்டாய் வேலைக்கு வந்தவன். முழங்கை வரை ரோஸ். பனியனில் ரோஸ். கண் இமையில்கூட ரோஸ் ஒட்டியிருந்தது.

“யாரு இந்தப் பொடி தந்தது?” என்று கேட்டாள்.

அவன் துடுப்பை நிறுத்தவில்லை. “மொதலாளி. நான் கேட்டேன் அக்கா, இது துணிக்குப் போடுத பொடில்லான்னு. மிட்டாய்க்குன்னு விக்கிற பொடியில இந்தச் சீட்டுக் கலரு வரவே வராதுன்னும் சொன்னேன். பிரஸ்ல உள்ள ரத்னாபாயே இந்தக் கடையத்தான் சொன்னா, அவளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாலேன்னுட்டாரு. ஒங்க பேரச் சொன்னதும் நான் வாய மூடிட்டேன்.”

அவளுடைய கலர்ச்சீட்டு அடுப்புக்கு மேலே ஆணியில் குத்தியிருந்தது.

அன்று மதியமே தாணுலிங்கத்தின் கடைக்குப் போனாள். அவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இரு என்று ஸ்டூலைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, அது மையாக்கும். சீனியில போட்டாலும் மைதான்.”

“ஒரு நுள்ளு பிள்ளே. ஒரு அண்டாப் பாகுக்கு ஒரு நுள்ளு. சாலையில பஞ்சு மிட்டாய் விக்கிறவன் என்னத்தப் போடுதான்னு போய்க் கேட்டுப் பாரு.”

“எம் பிள்ளைக்கு மூத்திரம் செவப்பாப் போச்சு.”

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “அதுக்குத்தான் பூஜாரியைக் கூட்டி வந்திருக்கு. ஜெஸ்லினுக்கும் ஒரு தகடு எழுதச் சொல்லியிருக்கேன். நீ வேதக்காரி, கட்ட மாட்டேன்னா தலைகாணிக்கு அடியில வை.”

“தகடு வேண்டாம். அந்த அண்டாவைக் கவுத்துங்க.”

அவர் வெற்றிலையைத் திரும்ப எடுத்து மடித்தார். பிறகு குரலை உயர்த்தாமல், மகளுக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னார்.

“படம் உன்னது. கலரு உன்னது. கடை பேரு சொன்னது நீ. பெட்டி மேல இருக்கிற பிள்ளையும் உன்னது. கேஸுன்னு ஒண்ணு வந்தா மொதல்ல யாரை விளிப்பாங்கன்னு வீட்ல போயி யோசிச்சுப் பாரு. யோசுவாக்கும் சொல்லு. அவன் கடை எங் கட்டிடத்துல இருக்கு, அல்லே?”

யோசுவாவிடம் அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. அதற்குள் தாணுலிங்கத்தின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். யோசுவா கெட்டவன் இல்லை, பயந்தவன். திறப்பு விழாவில் ஜெஸ்லின் லோகோப் பிள்ளை மாதிரியே பின்னல் போட்டுக்கொண்டு முதல் மிட்டாய் தின்ன வேண்டுமாம், அதையாவது மறுக்காதே, ரத்னா, என்று கெஞ்சினான். அந்தக் கெஞ்சலைக் கேட்டபோதுதான் அந்த நாள் அவள் கண்ணில் தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, எல்லோருக்கும் முன்னால் அவள் மகள் வாயைத் திறப்பாள். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் திறக்கும்.

சுடலைக்கண்ணு ஒரு வழி சொன்னான். “அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் பயம் கெடையாது அக்கா, கனவுக்குத்தான் பயம். ரோஸ் மிட்டாய் தின்னு பாம்பு செத்த மாதிரி கனவு கண்டேன்னு நான் போய்ச் சொல்லுதேன். நாளைக்கே அண்டாவக் கவுத்திருவாரு.”

நடக்கக் கூடியதுதான். அவளும் ஒரு பகல் முழுவதும் அதை யோசித்தாள். ஆனால் கனவுக்குப் பயந்து இன்று அண்டாவைக் கவிழ்க்கிறவர், நாளை ஜோசியர் பச்சை என்றால் பச்சைச் சாயத்தைக் கலக்குவார். தெருவும் அதைத் தின்னும். பொய்யால் மூடிய கிணற்றை இன்னொரு பொய் வந்து திறந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. வேண்டாம் என்றாள்.

மறுநாள் காலை அவள் தெருப் பெண்களைப் பிரஸ் வாசலுக்குக் கூப்பிட்டாள். பிள்ளைகளுக்குக் கண்ட வீடுகளுக்கெல்லாம் போய்த் தனித்தனியாகக் கூப்பிட்டாள். சந்துக்குள் வெயில் இறங்கிய நேரத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தாள். ஒன்றில் மிட்டாயைப் போட்டாள். மற்றதில் மைப்பொடியை ஊசி முனையளவு போட்டாள். இரண்டும் ஒரே ரோஸில் விரிந்தன. இரண்டின் ஓரத்திலும் அதே ஆரஞ்சு மினுங்கியது. வெள்ளைத் துணியை இரண்டிலும் முக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து, கறை போகாததைக் காட்டினாள். பிறகு தன் விரல்களை நீட்டினாள்.

“இது மூணு நாள் முன்ன பட்டது. தோலுக்கு மேல பட்டதே போகல. உள்ள போனது எங்க போயி இருக்கும்?”

இரண்டு பிள்ளைகளுக்குக் கண்டிருந்த அம்மிணிதான் முதலில் வாய் திறந்தாள். மலையாளம் பேசுகிறவள், தெருவில் இருந்து தமிழ் பழகியவள்.

“மொளகா அடுப்பில போட்டப்போ கமறலே ரத்னா. அப்ப கண்ணேறு அல்லே?”

“மழையில நனைஞ்ச மொளகாயா இருக்கும் அக்கா.”

ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தவள் உடனே அழுதாள். அதற்குப் பிறகு பெண்கள் காத்திருக்கவில்லை. தம்ளர்களைக் கையில் எடுத்துக்கொண்டு மொத்தமாகச் சீனிக்கடைக்கு நடந்தார்கள்.

தாணுலிங்கம் தெருவைப் பகைத்துக்கொள்கிறவர் இல்லை. வள்ளியூர்க்காரன் அளவு தெரியாமல் போட்டுவிட்டான் என்றார். சுடலைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தில் கை வைத்து, இனி இந்தக் கலர் என் கடைக்குள் வராது என்று தாணுலிங்கம் சத்தியம் செய்தார். அண்டா கழுவப்பட்டது. மிட்டாய்க்கு என்று விற்கிற பொடியில் புது ஈடு போட்டார்கள். அது சோகை பிடித்த மாதிரி வெளிறி இருந்தது. பெட்டியின் மேலிருந்த நாக்குக்கும் உள்ளேயிருந்த மிட்டாய்க்கும் சம்பந்தமே இல்லை. பெண்கள் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். ரத்னாபாயும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஒன்றை மட்டும் அவள் கேட்காமல் விட்டாள். முன்பே செய்து பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த ரோஸ் மிட்டாய் எங்கே?

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் சுடலைக்கண்ணு பிரஸ்ஸுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

“அக்கா, அந்த மிட்டாயக் கொட்டல.”

“எங்க இருக்கு?”

“மத்தியானம் ஜீப்புல ஏத்திட்டாவ. போனக்காட்டுத் தேயிலை மலைக்கு. அங்க தொழிலாளி லயத்துல நம்ம ஆளுகதானாமே, தீவாளிக்குப் பிள்ளைகளுக்குத் தர்மம்னு. சரோஜத்தம்மா பெட்டி மேல பூ வச்சுக் கும்பிட்டு அனுப்புனாவ. மொதலாளி டிரைவர்ட்ட சொன்னத நான் கேட்டேன். அங்க யாருலே கேக்கப் போறான்னு.”

சத்தியம் கடையைப் பற்றியது; மலையைப் பற்றியது அல்ல. தாணுலிங்கம் வார்த்தை தவறவில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மார் இருக்கிறார்கள், தாய்மாருக்குக் குரல் இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு வெளிறிய மிட்டாய். தேயிலை கிள்ளுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பெட்டி நிறைய விஷம், மேலே பூ வைத்து, புண்ணியக் கணக்கில். குப்பையில் கொட்டினால் நஷ்டம், ஏழைக்குக் கொட்டினால் தர்மம். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஒரு மனிதர் எண்ணெய் தேய்த்துக் குளித்து நிம்மதியாகப் படுக்க முடிகிறது என்றால், அதற்கு அவருடைய சாமி பெரிய உதவி.

யோசுவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நாளைக்கு நீயும் பிள்ளையும் திறப்பு விழாவில் இல்லை என்றால், நாளை மறுநாள் இந்தக் கதவு திறக்காது ரத்னா என்றான். தெரியும் என்றாள் அவள். யோசுவா அவள் பலகையின் மேல் இருந்த பென்சில்களைத் தானே சேர்த்துக் கட்டி அவள் பையில் போட்டுக் கொடுத்தான்.

விடிந்ததும் தம்பானூரில் பஸ் ஏறினார்கள். ஜெஸ்லினுக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். நெடுமங்காடு தாண்டி, விதுரா தாண்டி, பஸ் காட்டுக்குள் திரும்பித் திரும்பி ஏறியது. வழியில் எங்கேயும் கடை இல்லை, ஆள் இல்லை. மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. லயத்தில் விடிகாலையிலேயே குளித்து முடித்திருப்பார்கள் என்று ரத்னாபாய் நினைத்தாள். குளித்த தலையோடு பிள்ளைகளின் கை முதலில் இனிப்புக்குத்தான் போகும். பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போவதாக அவளுக்குத் தோன்றியது. ஜெஸ்லின் அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

லயங்கள் மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன. தகரக் கூரை, நீளமான ஒரே சுவர், வரிசையாகக் கதவுகள். எங்கேயோ ஒற்றை வெடி வெடித்தது. கீழ் லயத்துக் குழாயடியில் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரத்னாபாய் மூச்சு வாங்க அவர்களிடம் போய், நேற்று வந்த மிட்டாய்ப் பெட்டி எங்கே, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். தர்மத்துக்குத் தந்ததில் என்னம்மா குறை என்று திண்டில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். பெண்களில் மூத்த தொழிலாளியாக இருந்த வடிவம்மாள் கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

“நீ யாரு பிள்ள? ஒனக்கும் மிட்டாய்க்கும் என்ன?”

ரத்னாபாய் மகளை முன்னால் நிறுத்தினாள். “பெட்டி மேல உள்ள படம் இவளாக்கும். வரைஞ்சது நான். அந்தச் செவப்பு நான் சாக்குல படம் அடிக்கிற மை. அதைப் பாகுல கலக்கிட்டாங்க. தின்னு இவளுக்குச் செவப்பா மூத்திரம் போச்சு. ஆஸ்பத்திரியில ஈரலைத் தின்னுடும்னு சொன்னாங்க. இனி ஒரு பிள்ளையும் தின்னாண்டாம்.”

வடிவம்மாள் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தாள். மூடியைத் திறக்காமல் முதலில் படத்தைப் பார்த்தாள். பிறகு ஜெஸ்லினின் முகத்தைப் பார்த்தாள். ரத்னாபாயின் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சரிவைப் பார்த்துத் திரும்பி நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, மேல் லயங்கள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

பெட்டிகள் வரத் தொடங்கின. சாமிக்குப் படைக்க வைத்திருந்ததால் சில பெட்டிகள் பிரிக்காமலே வந்தன. சிலவற்றில் மேல் அடுக்கு மட்டும் குறைந்திருந்தது. ரத்னாபாய் ஒவ்வொன்றாக வாங்கி, தின்ற பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிறையக் கொடுங்கள், கீழே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே சாக்கில் கொட்டினாள். சாக்கு கனத்தது. அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராயிற்று.

எல்லோருக்கும் கடைசியாக உச்சி லயத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். அவளுக்குப் பாதிதான் கேட்டிருந்தது. கையில் இருந்த பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். ரத்னாபாய் மூடியைத் திறந்தாள். உள்ளே உப்பு இருந்தது.

“பெட்டி நல்லாருந்துச்சா, கழுவி உப்புப் போட்டு வச்சிக்கிட்டேன்” என்றாள் அந்தப் பெண். “மிட்டாய் ராத்திரியே தீந்துருச்சே. நல்ல கலரா இருந்துச்சா, மேல இருக்குற பிள்ளைக எல்லாத்துக்கும் கை நெறயக் கொடுத்துட்டேன். ஏன், திருப்பிக் கேட்டாங்களா?”

யார் யாருக்குக் கொடுத்தாள் என்று ரத்னாபாய் கேட்டாள். அந்தப் பெண் வடிவம்மாளின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது போல அவளுடைய சிரிப்பு நின்றது. விரலை மடக்கிப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள்.